எங்கள் அத்தைப்பாட்டியாரைத் தேடிய வரலாறு

குலமுறை உரைப்பது தமிழர்க்குப் புதிய பழக்கம் அன்று. பிறந்த ஊரை விட்டுப் பல நூறு கல் கடந்து வந்து வாழும் குடும்பங்களிலேகூடப் பாட்டன் பெயரும் பூட்டன் பெயரும் சொல்லத் தெரியாத வீடு அரிது. ஆயினும் அந்த வரிசையைச் சற்று உற்று நோக்கினால் ஒன்று புலப்படும். மக்களைப் பெற்றவர் பெயர்களே அதில் நிலைத்திருக்கும். மணம் செய்யாதவரும், மகப்பேறு இல்லாதவரும், இளமையில் துறவு பூண்டவரும் இரண்டு தலைமுறைக்குள் மறக்கப்பட்டுவிடுவர். அவ்வாறு எங்கள் குடும்பத்தார் மறந்துவிட்ட ஒருவரைப் பழைய பதிவேடுகளின் துணைகொண்டு நாங்கள் தேடிச் சென்ற வரலாற்றை நம் இதழின் அன்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

அவர் எங்கள் பாட்டனாரின் மூத்த தமக்கையார். எங்களுக்கு அத்தைப்பாட்டி முறை. கத்தோலிக்கக் கன்னியர் மடம் ஒன்றில் சேர்ந்து, அங்கேயே உயிர் நீத்தவர். பாட்டனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து 1931இல் பம்பாய்க்கு வந்து இரயில்வேயில் கணக்கர் வேலையில் அமர்ந்தார். அந்த வேலையினாலேயே எங்கள் குடும்பம் இந்நகரில் வேரூன்றியது. எங்கள் தந்தையாரும் அத்தையாரும் பிறந்தது இங்கே; உடன்பிறந்தார் மூவராகிய நாங்கள் படித்து ஆளானதும் இங்கேதான்.

வீட்டில் அத்தைப்பாட்டியாரைப் பற்றிய பேச்சு எழுந்தால் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். “தம்பி படிப்புக்காக அக்காளை மடத்தில் விட்டுவிட்டார்கள்” என்பதே அவர்கள் சொல்லும் ஒற்றை வாக்கியம். சீதனம் கொடுத்து மணம் முடிக்க வழியில்லை. பெண்ணுக்கு உரிய சிறு பொருளும் பையனின் பள்ளிச் சம்பளத்துக்குப் போயிற்று. ஆகவே பெண் மடத்துக்குப் போனாள் என்பது அதன் விரிவு. பாட்டனார் அதை மறுத்ததும் இல்லை, ஒப்புக்கொண்டதும் இல்லை. ‘அக்காள்’ என்னும் சொல்லுக்கு மேல் எதுவும் பேசாமலே 1986இல் காலமானார்.

அந்த வாக்கியம் எங்களை உறுத்திக்கொண்டே இருந்தது. பாட்டனாரின் படிப்பினால் வேலை வந்தது. வேலையினால் வீடு வந்தது. வீட்டினால் நாங்கள் வந்தோம். அப்படியானால், ஒரு பெண்ணின் விருப்பத்தைக் கேளாமல் அவள் வாழ்வை விலையாக வைத்தா நாங்கள் இந்த நிலையை அடைந்தோம்? இதற்கு விடை காணாமல் இருப்பது நன்றியுள்ளவர்க்கு அழகன்று எனத் தோன்றியது. எங்கள் கையில் இருந்தவை இரண்டே. ஒன்று, ஊர்ப்பெயர். மற்றொன்று, துறவு உடையில் அவர் நிற்கும் ஒரு பழைய நிழற்படம். அதன் பின்புறத்தில் ‘திருச்சினாப்பள்ளி’ என்று படக்கடையின் முத்திரை இருந்தது.

கன்னியர் ஒருவரைத் தேடுவதில் தனியான இடர்ப்பாடு ஒன்று உண்டு. மடத்தில் சேர்ந்து துறவு உடை தரிக்கும்போது அந்நாளில் பெண்களுக்கு வேறு பெயர் சூட்டினார்கள். வீட்டுப் பெயரைக் கொண்டு மடத்தில் தேடினால் அவர் கிட்டமாட்டார். மடத்துப் பெயரைக் கொண்டு ஊரில் தேடினாலும் கிட்டமாட்டார். இரண்டு பெயர்களும் ஒரே தாளில் சந்திக்கும் இடத்தைக் கண்டாலன்றிக் காரியம் ஆகாது. எங்களுக்கோ மடத்துப் பெயர் தெரியாது. ஆதலின் ஊரிலிருந்து தொடங்கினோம்.

கத்தோலிக்கத் திருச்சபையில் பதிவேடு எழுதும் வழக்கம் நெடுங்காலத்தது. ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் பங்குக் குருவானவர் ஏட்டில் பதிய வேண்டும் என்று திரெந்து பொதுச்சங்கம் 1563இல் விதித்தது. 1614இல் வெளிவந்த உரோமைச் சடங்கு நூல் இறந்தோர் ஏட்டையும், வீடுதோறும் உள்ளவர்களைக் குறிக்கும் ஏட்டையும் அவற்றோடு சேர்த்தது. அரசாங்கப் பதிவு இவற்றுக்கு மிகவும் பிற்பட்டது. சென்னை மாகாணத்துக்கெனப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1899இல் வந்தது. நாடு முழுமைக்கும் பொதுவான சட்டம் 1969இல் இயற்றப்பெற்றது. ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிறந்த ஒரு கத்தோலிக்கரைத் தேடுவோர்க்குக் கோயில் ஏடே முதல் துணை.

எங்கள் ஊர் பாளையங்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர். 1898இல் அது திருச்சிராப்பள்ளி மேற்றிராசனத்தைச் சேர்ந்திருந்தது. 1938இல் மதுரை தனி மேற்றிராசனம் ஆனபோது அதனுடன் சேர்ந்தது. 1973இல் பாளையங்கோட்டை மறைமாவட்டம் அமைந்தபோது அதன் பகுதியாயிற்று. மூன்று ஆயர்களின் ஆட்சிக்கு மாறியும், ஏடு மட்டும் பங்குக் கோயிலின் அலமாரியை விட்டு நகரவில்லை. முன்னரே கடிதம் எழுதி இசைவு பெற்றிருந்தமையால், பங்குத்தந்தை தம் அலுவலறையில் எங்களை இரண்டு நாள் அமர்ந்து பார்க்க அனுமதித்தார்.

அந்த ஏடுகள் இலத்தீன் மொழியில் எழுதப்பட்டவை. நம் நாட்டுக் கத்தோலிக்கர் வழங்கிய அழகிய தமிழ்ப் பெயர்கள் அவற்றில் வேற்றுருக் கொண்டுள்ளன. இராயப்பன் என்பவர் பேத்ருஸ் ஆகிறார்; சின்னப்பன் பவுலுஸ் ஆகிறார்; அருளப்பன் யோவான்னெஸ் ஆகிறார்; முடியப்பன் ஸ்தேபானுஸ் ஆகிறார்; ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ் ஆகிறார். இந்தத் திறவுகோல் கையில் இல்லாதவர் தம் பாட்டன் பெயரைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டே கடந்து போய்விடக்கூடும். எங்கள் பூட்டனாரின் பெயரும் அவ்வாறே மாற்றுருவில் நின்றது. கறுப்பு மை பழுப்பாகி, தாளின் விளிம்பைச் செல்லரித்திருந்த ஒரு பக்கத்தில், 1898ஆம் ஆண்டுப் பதிவுகளுக்கிடையே, அத்தைப்பாட்டியாரின் ஞானஸ்நானப் பதிவைக் கண்டோம். பிறந்த நாள், பெற்றோர், ஞானத்தந்தை, ஞானத்தாய், குருவின் கையொப்பம் எல்லாம் இருந்தன. ஓரம் மட்டும் வெறுமையாக இருந்தது.

அந்த வெறுமையும் ஒரு செய்தியே. பத்தாம் பத்திநாதர் காலத்தில் 1907இல் பிறந்து 1908இல் நடைமுறைக்கு வந்த கட்டளைப்படி, ஒருவர் திருமணம் செய்தால் அதை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலும் குறிக்க வேண்டும். அதே பக்கத்தில் மற்றக் குழந்தைகள் பலர் பெயரருகே அத்தகைய குறிப்பு இருந்தது. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, அடைப்பு மடங்களில் எடுக்கப்படும் சிறப்பு வார்த்தைப்பாட்டையும் ஓரத்தில் எழுதச் சொன்னது; பள்ளியிலும் மருத்துவசாலையிலும் பணிசெய்யும் சபையினர் எடுக்கும் எளிய வார்த்தைப்பாட்டைப் பற்றி அவ்வாறு சொல்லவில்லை. ஆகவே, ஓரம் வெறுமையாயிருந்ததிலிருந்து இரண்டு ஊகங்கள் செய்தோம். அவர் மணம் முடிக்கவில்லை. அவர் சேர்ந்தது கதவடைத்துச் செபித்திருக்கும் மடம் அன்று. மக்களிடையே பணியாற்றும் சபை.

ஏட்டைத் தொடர்ந்து புரட்டியபோது 1912இல் எங்கள் பாட்டனாரின் பதிவு கிடைத்தது. அதில் ஞானத்தாய் என்னும் இடத்தில் நின்ற பெயர் அத்தைப்பாட்டியாருடையது. பதினான்கு வயதுப் பெண், கைக்குழந்தையான கடைசித் தம்பியை ஞானஸ்நானத் தொட்டியருகே ஏந்தி நின்று, அவனுக்காக விசுவாசப் பிரமாணம் சொல்லியிருக்கிறார். பாட்டனார் ‘அக்காள்’ என்றது உடன்பிறப்பை மட்டும் குறித்ததன்று. தம் ஞானத்தாயையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்.

இறந்தோர் ஏட்டில் மற்றொரு செய்தி காத்திருந்தது. 1918ஆம் ஆண்டின் இறுதி மாதங்களுக்குரிய பக்கங்களில் எழுத்து நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. இந்திய நாட்டில் ஒரு கோடிக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோன விஷக்காய்ச்சலின் காலம் அது. அந்த நெருக்கத்தில் எங்கள் பூட்டனாரின் பெயரும் இருந்தது. நான்கு பிள்ளைகளோடு பூட்டியார் கைம்பெண் ஆனார். மூத்தவருக்கு வயது இருபது. கடைசிப் பையனுக்கு ஆறு. வீட்டுப் பேச்சுக்கு இது வலுவூட்டுவதாகவே எங்களுக்குப் பட்டது. தந்தை இறந்த குடும்பம்; மணமாகாத மூத்த பெண்; சீதனத்துக்கு வழியில்லை. மனம் கனத்துத் திரும்பினோம்.

அடுத்து மடத்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் கன்னியர் சபைகள் பல. குளூனி நகரத்துச் சூசையப்பர் சபையினர் 1827இல் புதுச்சேரிக்கு வந்தனர். காணிக்கை அன்னை சபையினர் அயர்லாந்திலிருந்து 1842இல் சென்னைக்கு வந்தனர். நம் நாட்டுப் பெண்களுக்கென்றே மரியாயின் மாசற்ற இருதய சபை 1844இல் புதுச்சேரியில் தொடங்கப்பெற்றது. இவ்வாறு தோன்றிய சபைகள் பலவற்றுக்குத் திருச்சிராப்பள்ளிப் பகுதியில் இல்லங்கள் இருந்தன. எனினும் எங்கள் நிழற்படம் இங்கே கைகொடுத்தது. தலைச்சீலையின் மடிப்பு, இடைக்கயிறு, மார்பில் தொங்கும் பாடுபட்ட சுரூபம் ஆகியவை சபைக்குச் சபை வேறுபடும். படத்தின் பிரதிகளை நான்கு தலைமை இல்லங்களுக்கு அனுப்பினோம். “இது எங்கள் பழைய உடை, வாருங்கள்” என்று ஓரிடத்திலிருந்து பதில் வந்தது.

அந்த மடத்தின் ஏடுகளைக் காத்துவந்தவர் எண்பது வயது நிரம்பிய ஒரு சகோதரியார். அவர் எடுத்துவைத்த நீண்ட ஏட்டில் ஒவ்வொரு கன்னியர்க்கும் ஓர் எண். அதனெதிரே வீட்டுப் பெயர், மடத்துப் பெயர், பெற்றோர், ஊர், மடம் சேர்ந்த நாள், உடை தரித்த நாள், வார்த்தைப்பாட்டு நாட்கள், பணிசெய்த இடங்கள், இறந்த நாள். பிரிந்துநின்ற இரண்டு பெயர்களும் ஒரே வரியில் சந்திக்கும் இடம் கிடைத்தது. 1919இல் சேர்ந்தார், 1921இல் முதல் வார்த்தைப்பாடு, 1924இல் நிரந்தர வார்த்தைப்பாடு, 1943இல் மரணம்.

எங்கள் உள்ளத்தை அரித்த கேள்வியைச் சகோதரியாரிடம் வெளிப்படையாகக் கேட்டோம். அவர் வருத்தம் கொள்ளவில்லை. “அந்தக் கேள்வியை எங்களுக்கு முன்னே திருச்சபையே கேட்டிருக்கிறது” என்றார். துறவு உடை தரிக்க வரும் பெண்ணை ஆயரோ அவர் அனுப்பியவரோ தனியே விசாரித்து, அவள் வற்புறுத்தப்பட்டாளா, ஏமாற்றப்பட்டாளா, தான் செய்வது இன்னதென அறிந்திருக்கிறாளா என்று தெளிய வேண்டும் என்பது 1563ஆம் ஆண்டு முதற்கொண்டே இருந்த விதி. 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 552ஆம் விதி, இவ்விசாரணையை நவதுறவுக்கு முன்னும், முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன்னும், நிரந்தர வார்த்தைப்பாட்டுக்கு முன்னுமாக மும்முறை நடத்தச் சொன்னது. அத்தைப்பாட்டியாரின் மூன்று விசாரணைத் தாள்களும் இருந்தன. மூன்றிலும் ‘என் சுயமனதாய்’ என்று விடை எழுதி, கீழே கையொப்பம் இட்டிருந்தார்.

“சகோதரி, குருவானவர் எதிரே நின்று ஓர் ஏழைப் பெண் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்?” என்று எங்களில் இளையவள் கேட்டுவிட்டாள்.

“கேட்டதற்குச் சொன்னதை நம்ப மனமில்லை என்றால், அவர்களாக எழுதியதைப் பாருங்கள்” என்று சொல்லி, நான்காக மடித்த ஒரு தாளை அவர் எங்கள்முன் விரித்தார்.

அத்தாள் இன்னதென்பதை விளங்கிக்கொள்ளச் சட்டம் சிறிது அறிய வேண்டும். உயில் எழுதாமல் இறந்த இந்தியக் கிறிஸ்தவரின் சொத்துக்கு அந்நாளில் 1865ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தியது. அதன்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. எஞ்சியது ஆண் பெண் வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்குச் சமபங்கு. ஆகவே பூட்டனார் விட்டுச்சென்ற புஞ்சையிலும் பனந்தோப்பிலும் அத்தைப்பாட்டியார்க்கு ஆறில் ஒரு பங்கு உரிமை இருந்தது. எளிய வார்த்தைப்பாடு எடுப்பவர் சொத்துரிமையை இழப்பதில்லை; ஆனால் அதை நிர்வகிப்பவர் யார், அதன் வருவாய் யாரைச் சேர்வது என்பதை முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன்னரே தாமே தீர்மானித்துவிட வேண்டும் என்பது 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 569ஆம் விதி. யாருக்குக் கொடுப்பது என்பது முற்றிலும் அவர் விருப்பம்.

1921ஆம் ஆண்டுத் தேதியிட்ட அந்தத் தாள் தமிழில், அவர் கையெழுத்திலேயே இருந்தது. தம் ஆறில் ஒரு பங்கின் வருவாயைத் தாயார் பெற்று, தம்பி பள்ளி இறுதி வகுப்பு முடிக்கும்வரை அவன் படிப்புக்கே செலவிட வேண்டும். அதன்பின் தாயார் தம் சீவனத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும். இதற்கு எவரும் தமக்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. இவற்றின் கீழே, சட்டத்தார் எவரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாத ஒரு வரியைச் சேர்த்திருந்தார்: தம்பியைப் படிப்பின் நடுவே நிறுத்தி வேலைக்காட்டுக்கு அனுப்பலாகாது.

நாங்கள் சற்று நேரம் பேசவில்லை. வீட்டுப் பேச்சில் பொய் இல்லை. அக்காளின் பொருளைக்கொண்டுதான் தம்பி படித்தார். அந்தப் பொருளைத் தந்தது யார் என்பதை மட்டும் குடும்பம் மறந்துவிட்டது. கொடுத்தவரை, பறிகொடுத்தவராக இரண்டு தலைமுறை எண்ணிவந்திருக்கிறோம்.

அவர் பணிசெய்த இடங்களில் ஒன்று, திருச்சிராப்பள்ளி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் சபை நடத்திய மருந்தகம். அவ்வூர்க் கோயில் ஏட்டையும் பார்த்துவரும்படி சகோதரியார் சொன்னார். காரணம் அங்கே சென்றபின் விளங்கிற்று. பிறந்த குழந்தை உயிருக்குப் போராடும்போது குருவானவர் வரும்வரை காத்திராமல் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம்; கொடுத்தவர் பெயரை ஏட்டில் எழுதுவார்கள். 1926க்கும் 1942க்கும் இடையில் 17 குழந்தைகளின் பதிவில், ‘மரண ஆபத்தில் ஞானஸ்நானம் கொடுத்தவர்’ என்று அத்தைப்பாட்டியாரின் மடத்துப் பெயர் இருந்தது. அவற்றுள் ஐந்து பதிவுகளின் ஓரத்தில் திருமணக் குறிப்பு இருந்தது. சாகக் கிடந்த ஐந்து குழந்தைகள் பிழைத்து, வளர்ந்து, மணமும் முடித்திருக்கிறார்கள். அந்த ஓரக் குறிப்புகளை விரலால் தொட்டுப் பார்த்தோம்.

இறப்புப் பதிவை நகராட்சியில் தேடினோம். 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, எவரும் பதிவைத் தேடச்செய்து நகல் பெறலாம் என்றும், அந்த நகலில் இறப்பின் காரணத்தை வெளியிடலாகாது என்றும் வகுத்தது. காரணத்தை மடத்து ஏட்டிலிருந்தே அறிந்தோம். மருந்தகத்தில் தொற்றிய நச்சுக் காய்ச்சல். நகராட்சி நகலிலோ நாங்கள் எதிர்பாராதது ஒன்று இருந்தது. பெயர் இருந்த இடத்தில் மடத்துப் பெயர். தந்தை பெயர் இருக்கும் இடத்தில், பிழையின்றி, எங்கள் பூட்டனாரின் பெயர். வீட்டை விட்டு 24 ஆண்டுகள் ஆனபின்னும், அவர் இன்னார் மகள் என்பதை மடத்தார் மறக்கவில்லை.

மும்பை திரும்பியதும் இவற்றையெல்லாம் எங்கள் அத்தையாரிடம் சொன்னோம். அவர் 1944இல் பிறந்தவர். அத்தைப்பாட்டியாரின் மடத்துப் பெயரைச் சொன்னதும் அவர் திகைத்துவிட்டார். அது அவருடைய சொந்தப் பெயர். அர்ச்சிஷ்டவள் ஒருவரின் பெயரைத் தமக்கு இட்டதாகவே எண்பது ஆண்டுகள் எண்ணியிருந்தார். தமக்கை இறந்த மறு ஆண்டு பிறந்த மகளுக்குப் பாட்டனார் அப்பெயரைச் சூட்டி, காரணத்தைச் சொல்லாமல், நாள்தோறும் அதைச் சொல்லியே அழைத்துவந்திருக்கிறார். அத்தையார் கண்களைத் துடைத்துக்கொண்டு, “அப்பா என்னைக் கோபத்திலும் பெயரைச் சுருக்கிக் கூப்பிட்டதில்லை” என்றார்.

இத்தகைய தேடலில் ஈடுபட விரும்பும் அன்பர்களுக்கு எங்கள் அனுபவத்திலிருந்து சில சொல்ல விரும்புகிறோம். முதலில், வீட்டிலுள்ள முதியோரிடம் ஊர்ப்பெயரையும் கோயிலையும் கேட்டு எழுதிக்கொள்க. பழைய நிழற்படத்தின் முன்புறத்தோடு பின்புறத்தையும் பார்க்க. ஏட்டில் உரிய வரியைக் கண்டதும் மூடிவிடாமல் ஓரத்தையும், ஞானப்பெற்றோர் பெயரையும், அடுத்த பக்கங்களையும் படிக்க. மகப்பேறு இல்லாத பெண்களின் வாழ்வு பெரும்பாலும் பிறர் பதிவுகளிலேயே தங்கியிருக்கிறது. 1983ஆம் ஆண்டுப் புதிய சட்டத்தொகுப்பு, துறவற சபைகளில் எடுக்கும் நிரந்தர வார்த்தைப்பாட்டையும் ஞானஸ்நான ஏட்டின் ஓரத்தில் எழுதச் சொல்கிறது. ஆதலின் பிற்காலத்தவரைத் தேடுவது எங்களுக்கிருந்ததைவிட எளிது. பங்குத்தந்தையர்க்கும் மடத்தார்க்கும் முன்கூட்டியே பணிவோடு எழுதிக் கேட்டால் உதவி கிடைக்கும் என்பதற்கு நாங்களே சான்று.

கிறிஸ்தவர் அல்லாத குடும்பங்களிலும் இளமையில் கைம்பெண்ணாகி உடன்பிறந்தார் பிள்ளைகளை வளர்த்த அத்தைமார் உண்டு. தம்பி தங்கையரைக் கரையேற்றித் தாம் தனித்து நின்ற அக்காள்மார் உண்டு. குலமுறைத் தாளில் அவர்கள் பெயருக்குக் கீழே கோடு இழுக்க இயலாது என்பதற்காகப் பெயரையே விட்டுவிடலாகாது. எங்கள் தாளில் பாட்டனார் பெயருக்கு மேலே அத்தைப்பாட்டியாரின் இரண்டு பெயர்களையும் எழுதி, பிறப்பும் இறப்பும் குறித்து, 1921ஆம் ஆண்டுத் தாளின் நகலையும் உடன் சேர்த்துத் தைத்து வைத்திருக்கிறோம். எங்கள் பிள்ளைகள் பள்ளி இறுதித் தேர்வு எழுதும் ஆண்டில் அதைப் படித்துக்காட்டுவது என்று முடிவுசெய்துள்ளோம்.